பெரிய நம்பி ஒரு நாளைக்கு எத்தனை கி.மீ. நடந்திருப்பார்?

மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயிலுக்குப் போனவங்களுக்கு இந்தக் கதை தெரிஞ்சிருக்கும். 11ஆம் நூற்றாண்டு. ராமானுஜரை அழைச்சிட்டு வர பெரிய நம்பி ஸ்ரீரங்கத்துலேர்ந்து மனைவியோட கிளம்பறார். அவரைத் தேடி காஞ்சியிலேர்ந்து ராமானுஜர் கிளம்பறார். ரெண்டு பேரும் சந்திச்சது இங்கேதான், மகிழமரத்தடியில பஞ்ச சம்ஸ்காரம் நடந்ததும் இங்கேதான்ங்கிறது வைணவ மரபு.

இன்னிக்குச் சாலைக் கணக்குல நம்பிக்கு சுமார் 250 கி.மீ., ராமானுஜருக்கு சுமார் 50.

நண்பர் ஒருத்தர் அறுபது தாண்டின அப்பாவோட மதுராந்தகத்துலேர்ந்து ஸ்ரீரங்கம் நடக்கப்போறார். முதல் பாதயாத்திரை. ஒரு வாரம் லீவு, தினம் 36 கி.மீ.னு எக்ஸெல்ல போட்டு வச்சிருக்கார். எக்ஸெல்லுக்குக் கால் வலிக்காது :-)

1930ல நடந்ததைப் பாருங்க. ராஜாஜியும் சுமார் நூறு தொண்டர்களும் ஏப்ரல் 13 திருச்சியில கிளம்பி 28ஆம் தேதி வேதாரண்யம் சேர்ந்தாங்க. சுமார் 240 கி.மீ., 15 நாள். நாளுக்கு 16. காந்தியோட தண்டி யாத்திரை சுமார் 385 கி.மீ., 24 நாள். அங்கேயும் 16தான்! அதுலயும் திங்கள்கிழமை நடை கிடையாது.

மணிக்கு 4 கி.மீ. வச்சாலும் 16ங்கிறது நாலு மணி நேர நடை. ஒரு நாள் 36 நடந்துடலாம்ங்க. மறுநாள் காலையில கொப்புளத்தோட எழுந்து திரும்ப நடக்கணுமே, அங்கேதான் இருக்கு விஷயம். கூட வர்றவங்கள்ல யார் மெதுவோ, அவங்க வேகம்தான் எல்லாருக்கும்.

நண்பருக்கு நான் சொன்னது: நம்பி வழிக்கு 16 நாள் லீவு வேணும். இந்த ஒரு வாரத்துக்கு ராமானுஜர் வழி போதும். காஞ்சி டு மதுராந்தகம், நிதானமா நாலு நாள். அப்பாவும் சந்தோஷமா வருவார்.