நெல் விளையாத் தோட்டத்தில் பொங்கற் பானை

பொங்கல் உழவர் திருநாள் என்பது தமிழ்க் குழந்தையும் அறிந்த செய்தி. ஏரும் எருதும், கதிரும் களமும் இல்லாமல் அத்திருநாளை நினைத்துப் பார்க்கவும் இயலாது என்பர் தாயகத்தார். ஆனால் நெகிரி செம்பிலான் இரப்பர்த் தோட்டங்களில் நம் முன்னோர் தலைமுறை தலைமுறையாக அந்நாளைக் கொண்டாடி வந்தனர். அவர்கள் அறுத்தது கதிரன்று, மரப்பட்டை. சேர்த்தது நெல்லன்று, பால். அப்பாலும் பிறர்க்கே உரியது. அங்ஙனமாயின் அவர்கள் எந்த விளைச்சலுக்கு நன்றி செலுத்தினர்? பானையிலிட்ட அரிசி எங்கிருந்து வந்தது? அதைச் சுற்றி அமர்ந்து உண்டவர் யார், அமர இடம் பெறாதவர் யார்? இவ்வினாக்களைப் பண்டிகைக் கால வேடிக்கைப் பேச்சாகத் தள்ளிவிடுதல் தகாது. நம் மக்களின் வயிற்று வரலாறு இவற்றுள் அடங்கியிருக்கிறது.

முதலிற் பருவத்தை நோக்குவோம். நம் பண்டை நூல்கள் ஆண்டை ஆறு பருவங்களாக வகுத்தன. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. கூதிரில் மழையுண்டு வளர்ந்த சம்பா, தை பிறக்கும் வேளையில் முற்றிக் களத்துக்கு வரும். மலாயா நாட்டிலோ பனியுமில்லை, தனியே வேனில் என ஒன்றுமில்லை. எனினும், பிரேசிலிற் பிறந்து, இலண்டன் கியூ தோட்டத்தின் வழியாக 1877-இல் சிங்கப்பூரை அடைந்த இரப்பர் மரம், தனக்கென ஓர் இலையுதிர் காலத்தையும் உடன்கொண்டு வந்தது. தை, மாசித் திங்கள்களில் அதன் இலைகள் செம்மஞ்சளாய்ப் பழுத்து உதிரும். மரம் எலும்புக்கூடென நிற்கும். புதுத்தளிர் விட்டு முற்றும்வரை பால் சுருங்கும்; பால் சுருங்கினால் வரும்படியும் சுருங்கும். ஆகவே, தாயகத்தில் குதிர் நிரம்பும் நேரத்தில் வரும் பொங்கல், இங்கே குறைகாலத்தின் வாயிற்படியில் வந்து நின்றது. தீபாவளியின் நிலையும் இதனினும் மேலானதன்று. அது வருவது ஐப்பசி மழையில். நனைந்த பட்டையில் பால் வெட்டுதல் இயலாது. கடன்பட்டுப் புத்தாடை எடுக்கும் பண்டிகை, கூலி குறையும் மழைநாளையே பார்த்து வருவது நம் மக்களின் பொல்லாத காலம் போலும்!

இனி அரிசியின் வழி. நெகிரி செம்பிலானில் காப்பித் தோட்டங்களாய் இருந்தவை 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரப்பருக்கு மாறின. தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் ஆட்களைத் திரட்டி வந்தனர். நாற்று நடவும், நீர் பாய்ச்சவும், கதிரறுக்கவும் கையறிந்த மக்கள். பலர் பண்ணையாட்களாய் இருந்தவர். அவர்களைக் கொண்டுவந்து, நெல் நடாத மண்ணில் நிறுத்தினர். அவர்கள் உண்ட அரிசி கப்பலில் வந்தது. போருக்கு முன்னர் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே விளைவித்தது. எஞ்சியது பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்து இறங்கிற்று. பர்மாவின் ஐராவதி வயல்களுக்கு முதல் கொடுத்தவர் செட்டிநாட்டு வணிகர். அங்கே அறுவடைக்குச் சென்ற கூலிகளுள் ஆந்திரரும் தமிழரும் இருந்தனர். லிங்கியிலும் ரந்தாவிலும் லாபுவிலும் பொங்கிய பானையில், தமிழன் முதலும் தமிழன் வியர்வையும் கடல்வழியே சுற்றி வந்து சேர்ந்திருக்கவும் கூடும். ஆயினும் அதை அவன் காசு கொடுத்தே வாங்கினான். 1920-களின் இறுதியில் இப்பகுதித் தோட்டங்களில் ஆடவர்க்கு நாட்கூலி 50 காசு, பெண்டிர்க்கு 40 காசு. உலகச் சந்தையில் இரப்பர் விலை விழுந்ததும் 1930-இல் அவை 40 காசும் 32 காசுமாயின. பின்னர் அதுவும் நிலைக்கவில்லை.

கப்பலை நம்பிய சோறு எத்துணை நிலையற்றது என்பதை முதல் உலகப்போர் முடிந்த கையோடு நாடு கண்டது. 1919-இல் அரிசித் தட்டுப்பாடு நேர்ந்து, அரசாங்கமே அரிசி வாங்கி நட்டத்துக்கு விற்கும்படி ஆயிற்று. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பமுள்ள தொழிலாளி ஒவ்வொருவர்க்கும் தோட்டம் பதினாறில் ஒரு பங்கு ஏக்கர் நிலம் ஒதுக்க வேண்டும் என்றது. நம் ஊர்க் கணக்கில் ஆறேகால் சென்ட்! ஒரு குடும்பத்துக்கு வேண்டிய நெல்லை விளைவிக்கப் போதாத இடம். ஆனால் நம் பெண்டிர் அவ்வாறேகால் சென்ட்டை விட்டாரில்லை. பூசணி, பறங்கி, அவரை, கத்தரி, வெண்டை, முருங்கை, நாலு வாழை, ஒரு கறிவேப்பிலைக் கன்று என லயத்துக்குப் பின்னே ஒரு சிறு மருத நிலமே எழுந்தது. பசு வைத்தோரும் பலர். பொங்கலன்று பானைக் கழுத்தில் கட்டிய மஞ்சட் கொத்தும், கூட்டிலிட்ட பூசணியும், மறுநாள் மாட்டின் கொம்பிற் பூசிய வண்ணமும் எதற்காக என்று கேட்போர்க்கு விடை இதுவே. இரப்பருக்காக அவர்கள் பொங்கலிடவில்லை. துரைக்கு உரிமையில்லாத சிறு விளைச்சல் ஒன்று அவர்களுக்கு இருந்தது. அதற்கே நன்றி கூறினர். விடுப்புக் கிடையாத தோட்டங்களில் விடியற் பிரட்டுக்குச் சென்று, பால் வெட்டி, நிறுத்துக் கொடுத்து வந்த பிறகே அடுப்பு மூட்டினர். பஞ்சாங்கத்து நல்ல நேரத்தைப் பால் ஸ்டோர் மணி வென்றது என்று சொல்லலாம். அதனால் கதிரவன் கோபித்துக் கொண்டதாகத் தெரியவில்லை.

இதில் வேறொரு விந்தையும் உண்டு. நெகிரி செம்பிலான் நெல்லறியா நாடன்று. ரெம்பாவ், கோலப்பிலா பள்ளத்தாக்குகளில் மினாங்கபாவ் வழிவந்த மலாய் மக்கள் பன்னெடுங்காலமாக நன்செய் உழுது வாழ்ந்தவர்கள். அவர்தம் பெர்ப்பாத்தே வழக்கப்படி குலநிலம் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். கதிரறுக்க அவர்கள் பழங்காலத்தில் அரிவாள் கொள்வதில்லை. உள்ளங்கையில் மறையும் ‘துவாய்’ என்னும் சிறு கத்தியால் ஒவ்வொரு கதிராகக் கொய்வர். நெல்லுக்கு உயிருண்டு, பெரிய இரும்பைக் கண்டால் அஞ்சும் என்பது அவர்தம் நம்பிக்கை. 1913-ஆம் ஆண்டு மலாய் ஒதுக்கீட்டுச் சட்டத்தின் வேலிக்கு அப்பால் அவ்வயல்கள் பசுமையாய் நின்றன. இப்பால் தஞ்சை உழவன் பால்வாளியைத் தூக்கி நின்றான். இரு உழவர் குடிகள் அடுத்தடுத்து வாழ்ந்தும், ஒருவர் அறுவடையில் மற்றவர் கைந்நனைக்கும் வாய்ப்பு அரிதாயிற்று. நாட்டை ஆண்டவர்கள் மலாயரை நெல்லுக்கும், தமிழரைப் பாலுக்கும் எனப் பங்கிட்டு வைத்தனர்.

பிறர் செய்த பங்கீட்டைப் பேசுகையில், நாமே செய்த பங்கீட்டை மறைத்தல் நேர்மையாகாது. இந்நாட்டுக்கு வந்த தமிழ்த் தொழிலாளருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் ஒடுக்கப்பட்ட குலத்தினர். ஊரில் பண்ணையார் களத்தில் அவர்கள் அறுத்த நெல் அவர் பொங்கலுக்கு. அவர்களுக்குக் கிடைத்தது வாயிலில் நின்று பெற்ற சோறு. கடல் தாண்டியும் அவ்வழுக்கு உடன் வந்தது. பல தோட்டங்களில் லயங்கள் சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. கோயிலும் பந்தியும் அவ்வாறே. ஒரே மரவரிசையில் பால் வெட்டிய கைகள், ஒரே வாளியில் ஊற்றிய பால், ஒரே கொட்டகையில் உறைந்த இரப்பர். இலை போடும்போது மட்டும் ‘நீ அங்கே, நான் இங்கே’! இதனினும் நகைப்புக்கிடமான மடமை வேறு உண்டோ?

தாயகத்தில் இப்பந்திப் பூசல் பெரும் போராகவே மூண்டிருந்தது. வ. வே. சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்க்குத் தனியே உணவிட்டதை எதிர்த்து 1924, 1925-ஆம் ஆண்டுகளில் எழுந்த கிளர்ச்சியை வாசகர்கள் அறிவார்கள். இரயில் நிலைய உணவுச்சாலைகளில் சாதிக்கோர் இடம் என்ற முறை 1941 வரை நீடித்தது. பெரியார் ஈ. வெ. ராமசாமி 1929 இறுதியில் மலாயா வந்து ஊர் ஊராகப் பேசிச் சென்றார். 1932-இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றிற்று. 1935-இல் கோ. சாரங்கபாணி ‘தமிழ் முரசு’ தொடங்கினார். சமபந்தி உணவும், கள்ளொழிப்பும், பொங்கலைத் தமிழர் பொது விழாவாக்குவதும் இவ்வியக்கத்தின் பேச்சாயின. 1952-இல் சாரங்கபாணி முன்னின்று நடத்திய தமிழர் திருநாள், இந்து, கிறித்துவர், இசுலாமியர் என்ற வேறுபாடின்றித் தமிழரைத் தை முதல் நாளை ஒட்டி ஒன்றுகூட்டிற்று. மதப் பண்டிகைக்கு இல்லாத ஒரு வசதி பானைக்கு உண்டு, பசிக்கு மதமில்லையன்றோ?

ஆனால், பந்தியை முதலிற் கலைத்தது சொற்பொழிவா, பசியா என்று கேட்டால், பசிக்கும் பெரும் பங்கு உண்டு என்றே சொல்வோம். 1942-இல் சப்பானியர் வந்தபின் பர்மா அரிசி நின்றது. மரவள்ளிக்கிழங்கே சோறாயிற்று. சயாமையும் பர்மாவையும் இணைத்த 415 கிலோமீட்டர் இரயில் பாதைக்குத் தோட்டங்களிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டோரில் பல்லாயிரவர் திரும்பவே இல்லை. உணவு விளைவிக்கவென 1943 இறுதியில் சிங்கப்பூர்க் கத்தோலிக்கரை இம்மாநிலத்துப் பஹாவ் காட்டில் குடியேற்றினர். நகரத்தார்க்குக் காடு பணியவில்லை, மலேரியா பணிந்தது மக்களை. அவர்களை அழைத்து வந்த ஆயர் தெவாலும் 1945 சனவரியில் மாண்டார். ஆணை பிறப்பித்தால் நெல் முளைப்பதில்லை. கிழங்கை வேகவைத்துச் சுற்றி அமர்ந்த அந்நாட்களில் ஒருவர் கலயத்திலிருந்து மற்றவர் உண்ணத் தயங்க நேரமேது?

தோட்டத்தை விட்டு நகருக்கு வந்தால் வேறொரு பந்தியைக் காணலாம். சிரம்பானுக்கும் போர்ட் டிக்சனுக்கும் இடையே 1891-இல் இரயில் ஓடத் தொடங்கியது. சம்பள நாளுக்குப் பின் சாமான் வாங்க வந்த தோட்டத்து மக்களுக்குத் தமிழர் சாப்பாட்டுக்கடை ஒரு புதிய பாடத்தைக் கற்பித்தது. பெஞ்சில் முன்பின் அறியாதவன் பக்கத்தில் அமர்கிறான். அவன் இலையும் உன் இலையும் ஒரே வாழையிற் கிழித்தவை. குழம்பு ஒரே வாளியிலிருந்து விழுகிறது. கடைக்காரர் கேட்பது ‘இன்னுங் கொஞ்சம் சோறு?’ என்பதை, குலத்தையன்று. அவர் சீர்திருத்தவாதியாய் இருக்கவேண்டிய தேவையில்லை, வாணிகம் தெரிந்தவராய் இருந்தாற் போதும். காசு செய்த இத்தொண்டை நாம் வெறுக்க வேண்டியதில்லை. ஆனால் காசில்லாதவனுக்கு அங்கும் இலையில்லை என்பதை மறக்கவும் வேண்டியதில்லை.

1960-களுக்குப் பின் இரப்பரை வெட்டிச் செம்பனை நட்டனர். நீலாய், சிரம்பான் சுற்றுப்புறங்களில் பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயம் போயிற்று, அதனுடன் ஆறேகால் சென்ட்டும் போயிற்று. சேனாவாங் ஆலைகளில் முறைவேலை பார்க்கும் பேரப்பிள்ளைகளுக்குப் பொங்கலுக்கெனத் தனி விடுமுறையில்லை. நெகிரி செம்பிலானில் தைப்பூசத்துக்கு உண்டு, தீபாவளிக்கு உண்டு. தை முதல் நாளுக்கு இல்லை. அடுக்குமாடி வீட்டில் விறகடுப்பு மூட்டுவதும் எளிதன்று. எனவே பலர் வேலை முடிந்து சாப்பாட்டுக்கடைக்கே வருகின்றனர். வாசலில் இரண்டு கரும்பு கட்டியிருக்கும். இலையின் ஓரத்தில் ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் வைப்பார்கள். இதைச் சோம்பேறிப் பொங்கல் என்று இகழ்வார் சிலர். நாம் அவ்வாறு கருதவில்லை. வாளி தூக்கிய பாட்டி, நிறுவை முடிந்தபின் மூட்டிய அடுப்புக்கும், முறைவேலை முடிந்தபின் பேத்தி விரிக்கும் இலைக்கும் உறவு நெருங்கியதே.

எனினும் அவ்விலையில் சோறு போடும் இளைஞரைச் சற்று நிமிர்ந்து பாருங்கள். பல கடைகளில் அவர் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தின் பேரில் வந்தவர். ஊர் எதுவெனக் கேட்டால் தஞ்சைப் பக்கமோ சேலத்துப் பக்கமோ சொல்வார். நம் முன்னோர் கப்பலேறிய அதே மாவட்டங்கள். அங்கே அன்று சம்பா அறுவடை. அவருக்கும் அன்று விடுமுறையில்லை. பந்தி ஓய்ந்து, கடைசி மேசை துடைத்தபின், பிற்பகல் மூன்று மணிக்கோ நான்கு மணிக்கோ, சமையற்கட்டுக்குப் பக்கத்தில் நின்றபடி அவர் தம் பங்கை உண்கிறார்.