மானியம் வந்த வழி: ஆங் மோ கியோவும் இளையர் சுகாதாரமும்

சொந்தமாக வரி விதித்து அதைத் தன் முடிவின்படி செலவிடும் உள்ளாட்சி அமைப்பு எதுவும் சிங்கப்பூரில் இன்று இல்லை. அதனால் ஆங் மோ கியோ போன்றதொரு வட்டாரத்தில் இளையரின் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் செலவாகும் பொதுப்பணம் பெரும்பாலும் மேலிருந்து இறங்கும் மானியமாகவே இருந்துவருகிறது. அது எந்த அமைப்பின் கைவழியே இறங்கியது என்பதுதான் காலந்தோறும் மாறியிருக்கிறது.

1887ஆம் ஆண்டின் முனிசிபல் சட்டம் நகரத்தையும் நாட்டுப்புறத்தையும் நிர்வாகத்தில் பிரித்துவிட்டது. ரப்பர்த் தோட்டங்களும் கம்பங்களும் பரவியிருந்த ஆங் மோ கியோ முனிசிபல் எல்லைக்கு வெளியே, 1908இல் அமைந்த கிராமப்புற வாரியத்தின் பொறுப்பில் இருந்தது. நகரில் தாய்சேய் நலத்தை முனிசிபல் ஆணையம் தன் வரிப்பணத்தில் கவனித்துக்கொண்டபோது, நாட்டுப்புறத்தில் அப்பணி காலனி அரசாங்கத்தின் மருத்துவத் துறையைச் சேர்ந்ததாக இருந்தது. 1920களின் பிற்பகுதியில் பிரிட்டனிலிருந்து வந்த செவிலியர் ஐடா சிம்மன்ஸ் வீடுவீடாகச் சென்று தாய்மாரையும் பச்சிளங்குழந்தைகளையும் கண்டு வளர்த்தெடுத்த சேவை அத்துறையின் கீழ்தான் நடந்தது. 1921இல் பள்ளி மருத்துவச் சேவை தொடங்கியது; போருக்குப் பின் 1947இல் சமூக நலத் துறை, ஊட்டமின்றி நலிந்த பிள்ளைகளுக்காக இலவச உணவு நிலையங்களைத் திறந்தது. கைக்குழந்தைக்கும் பள்ளிப்பிள்ளைக்கும் இவற்றில் இடமிருந்ததே தவிர, உலகச் சுகாதார நிறுவனம் இன்று 10 முதல் 19 வயது வரை என வரையறுக்கும் வளரிளம் பருவத்தைத் தனியாகக் கருதி யாரும் பணம் ஒதுக்கவில்லை.

1957இல் முழுக்கத் தேர்தல் வழியே அமைந்த மாநகராட்சி மன்றம் நீடித்திருந்தால் கதை வேறாகியிருக்கலாம். 1959இல் தன்னாட்சி வந்ததும் அதன் பணிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மறு ஆண்டே மக்களையும் அரசாங்கத்தையும் இணைக்க மக்கள் கழகம் நிறுவப்பட்டது. 1973இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) ஆங் மோ கியோவில் புதுநகரை எழுப்பத் தொடங்கியது; அங்கு குடியேறிய இளந்தம்பதியரின் பிள்ளைகள் பதின்ம வயதை எட்டும் காலத்தில் அவர்களுக்கென முடிவெடுக்க ஓர் உள்ளாட்சி மன்றம் இருக்கவில்லை.

நகர மன்றங்கள் முன்னோட்டமாக முதலில் அமைந்த இடமே ஆங் மோ கியோதான். 1986இல் அங்கு மூன்று மன்றங்கள் தொடங்கப்பட்டன. 1988இல் அவற்றுக்கெனச் சட்டம் நிறைவேறியது. ஆயினும் குடியிருப்பாளர் மாதந்தோறும் செலுத்தும் சேவை, பராமரிப்புக் கட்டணம் மின்தூக்கி, நடைபாதை, கீழ்த்தளம் போன்ற பொது இடங்களுக்கு உரியது. சுகாதாரம் மன்றத்தின் கடமைகளில் சேரவில்லை. இளையர் ஓடியாடப் புதிதாக ஒரு பந்தாட்டத் திடல் வேண்டுமென்றால் வழி சற்றுச் சுற்றானது: வட்டார மேம்பாட்டுக்காகத் தேசிய வளர்ச்சி அமைச்சு ஒதுக்கும் நிதிக்கு அடித்தள அமைப்பான குடிமக்கள் ஆலோசனைக் குழு திட்டத்தை முன்மொழிய, நகர மன்றம் அதைக் கட்டிப் பராமரிக்கிறது. ஆங் மோ கியோவில் நாடாளுமன்ற உறுப்பினரும் அடித்தள அமைப்புகளின் ஆலோசகரும் ஒருவரே என்பதால் இந்த இணைப்பின் தையல் கண்ணில் படுவதில்லை. எதிர்க்கட்சி வென்ற ஹவ்காங் போன்ற தொகுதிகளில் இருவரும் வெவ்வேறானவர் என்பதால் அது நாடாளுமன்ற விவாதம் வரை சென்றது.

1997இல் வந்த சமூக மேம்பாட்டு மன்றங்களே உள்ளாட்சியின் மானியக் கைக்கு மிக நெருங்கியவை. ஒன்பது மன்றங்களில் ஆங் மோ கியோ - செங் சான் மன்றமும் ஒன்று. 2001இல் ஒன்பதும் ஐந்தாகச் சுருங்கியபோது அப்பெயர் மறைந்தது. இம்மன்றங்களுக்கு மேயர் உண்டு, ஆனால் மேயர் தேர்தல் கிடையாது. நிதியாக அரசாங்க மானியமும், திரட்டும் நன்கொடைக்கு ஈடாக அரசாங்கம் சேர்க்கும் தொகையும் உண்டு, ஆனால் வரி கிடையாது. பணத்தைக் கைமாற்றுவதில் இவை தேர்ந்தவை என்பதை 2021 டிசம்பரில் ஒவ்வொரு சிங்கப்பூர்க் குடும்பத்துக்கும் 100 வெள்ளி பற்றுச்சீட்டு வழங்கிய திட்டம் ஊரறியச் செய்தது.

இளையர் உடல்நலத்தின் முக்கியப் பகுதியோ இந்த வழியில் வருவதேயில்லை. எடை மிகுந்த மாணவரைக் கூடுதல் உடற்பயிற்சியில் ஈடுபடுத்திய, 1992 முதல் 2007 வரை நடந்த பள்ளித் திட்டம் கல்வி அமைச்சினுடையது; அதன் கண்டிப்பும், அது தந்த கூச்சமும் பல மாணவருக்கு நெடுநாள் நினைவிலிருந்தன. 2019 முதல் உயர்நிலை முதலாம் வகுப்பு மாணவியருக்கு, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி முழு மானியத்துடன் பள்ளியிலேயே போடப்படுகிறது. ஊசியையும் பரிசோதனையையும் அமைச்சுகள் தம் கையில் வைத்துக்கொண்டு, திடல், பட்டறை, கலந்துரையாடல் போன்றவற்றை வட்டார அமைப்புகளிடம் விட்டிருக்கின்றன என்றே இந்தப் பிரிவினையைப் படிக்க வேண்டும்.

மனநலத்தில் இந்தப் பிரிவினை இன்னும் தெளிவு. மனநலக் கழகம் 16 முதல் 30 வயதினருக்காக 2009இல் தொடங்கிய ஆலோசனைச் சேவை, வீவக பேட்டை எதிலும் அல்லாமல் ஆர்ச்சர்ட் வட்டாரத்தின் இளையர் கடைத்தொகுதியில் இடம் பிடித்தது. பேட்டையில் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அஞ்சிய ஆங் மோ கியோ இளையருக்கு, வடக்கு தெற்கு ரயில் தடத்தில் சோமர்செட் வரை சென்று இறங்குவது ஒருவகையில் வசதியாகவே அமைந்தது.