சுற்றுப்படமும் பாடபேதமும்

1964இல் 'தி அனிமல்ஸ்' குழுவினர் பாடிய 'தி ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்' பாடலைக் கேட்டவர்களுக்கு, அதில் ஆலன் பிரைஸ் வாசித்த ஆர்கனின் சற்றே மூக்கொலி கலந்த நாதம் நினைவிருக்கும். அக்கருவியின் பெயர் வாக்ஸ் கான்டினென்டல். இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்திலுள்ள டார்ட்ஃபோர்டில் ஜென்னிங்ஸ் நிறுவனம் 1962இல் அதை வெளியிட்டது. அதற்கு முன்பு மேடைகளில் கோலோச்சிய ஹாம்மண்ட் பி-3, மிதிகட்டைகளும் இருக்கையும் சேர்ந்தால் ஏறத்தாழ 190 கிலோ. டிரான்சிஸ்டரின் வருகையால், கால்களைக் கழற்றி வண்டியில் ஏற்றிச் செல்லத்தக்க ஆர்கன் சாத்தியமாயிற்று. அக்கார்டியன் செய்தவர்கள் ஒன்றுகூடி இத்தாலியில் 1946இல் தொடங்கிய ஃபர்ஃபிசாவும் 1964இல் தன் 'காம்பாக்ட்' வரிசையுடன் இந்தக் களத்தில் இறங்கியது. இவ்வகைக் கருவிகளே 'காம்போ ஆர்கன்' எனப்பட்டன.

இவற்றின் உள்ளமைப்பு எளிமையானது. ஒரு ஸ்தாயியின் 12 சுரங்களுக்கு 12 பலகைகள். ஒவ்வொரு பலகையிலும் ஓர் ஆஸிலேட்டர் மிக உயர்ந்த ஸ்தாயியின் அதிர்வைப் பிறப்பிக்கும். அதை அடுத்தடுத்த சுற்றுகள் இரண்டிரண்டாக வகுத்துக்கொண்டே போக, கீழ் ஸ்தாயிகள் பிறக்கும். ஆகவே ஒரு சுருளின் உள்ளகத்தைத் திருகிச் சுருதி சேர்த்தால், அச்சுரம் எல்லா ஸ்தாயிகளிலும் சேர்ந்துவிடும்.

பழுதைக் கண்டறியும் வழியும் இந்த அமைப்பிலேயே இருக்கிறது. ஒரு சுரம் எல்லா ஸ்தாயிகளிலும் ஊமையானால் ஆஸிலேட்டரை ஐயுற வேண்டும். மேலே ஒலித்து, ஓரிடத்துக்குக் கீழே மட்டும் மௌனமானால், சங்கிலி அறுந்த இடம் அந்த வகுப்பியே. ஒரே ஒரு கட்டை மட்டும் பேச மறுத்தால், அநேகமாக அதன் அடியிலுள்ள தொடுகம்பிகளில் களிம்பேறியிருக்கும். எல்லாச் சுரங்களிலும் உறுமல் கேட்டால், மின்வழங்கியின் மின்தேக்கிகள் வயதால் உலர்ந்திருக்கக்கூடும்.

சிக்கல் தொடங்குவது சுற்றுப்படத்தில்தான். அச்சிட்ட படம் ஒன்று சொல்ல, பலகையில் வேறொன்று இருப்பதைப் பழுது பார்ப்போர் அடிக்கடி காண்கிறார்கள். தயாரிப்பின் நடுவே உறுப்புகள் மாறின. இங்கிலாந்தில் செய்தவையும் பின்னர் இத்தாலியில் செய்தவையும் ஒரே பெயரைத் தாங்கினாலும் உள்ளே ஒன்றல்ல. போதாததற்கு, அறுபதாண்டுகளில் பல கைகள் தத்தமக்குத் தோன்றியபடி திருத்தியிருக்கின்றன. எது மூலம், எது இடைச்செருகல்? 1887இல் சீவக சிந்தாமணியைப் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையரின் முன் நின்ற கேள்வியும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. ஒரே ஏட்டை நம்பி மூலபாடத்தைத் தீர்மானிக்க முடியாது என்பது இங்கும் பொருந்தும்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஏட்டைப் படிப்பதால் ஏடு மாறுவதில்லை. பழுது பார்ப்பவரோ திருத்தும்போதே சான்றையும் அழிக்கிறார். தொடக்ககாலக் கருவிகளில் இருந்தவை ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள். அவை இன்று எளிதில் கிடைப்பதில்லை. சிலிக்கான் டிரான்சிஸ்டரை வைக்கலாம். ஆனால் முன்னது ஏறத்தாழ 0.2 அல்லது 0.3 வோல்ட்டில் கடத்தத் தொடங்க, பின்னதற்கு 0.6 வோல்ட் வேண்டும். ஆதலால் சுற்றியுள்ள மின்தடைகளையும் மாற்ற நேரலாம். கருவி பாடும்; ஆனால் 1962இன் பொறியாளர் என்ன நினைத்தார் என்பதைச் சொல்ல அந்தப் பலகையால் இனி இயலாது.

தொடாமல் வைத்திருப்பதும் தீர்வன்று. வாசிக்கப்படாத ஆர்கன் வெறும் மரச்சாமான். எனவே நாம் வேண்டுவது இவ்வளவே: பற்றவைக்கும் கோலை எடுக்குமுன் பலகையின் இருபுறமும் படமெடுக்க வேண்டும், கம்பி ஒவ்வொன்றையும் பின்தொடர்ந்து உண்மையில் உள்ள சுற்றை வரைய வேண்டும், அகற்றிய உறுப்பைப் பெயரெழுதி உறையிலிட்டுக் கருவிக்குள்ளேயே வைக்க வேண்டும், செய்த மாற்றத்தைத் தேதியிட்டு எழுத வேண்டும்.

கணினிப் பிரதிகள் வந்துவிட்ட பின் இத்தனை பாடு எதற்கு எனக் கேட்கலாம். வாக்ஸ் பெயரை இன்று தன்வசம் வைத்துள்ள கோர்க் நிறுவனமே 2017இல் புதிய கான்டினென்டலை வெளியிட்டது. ஆயினும் பிரதி எவ்வளவு சரியானது என்று சோதிக்க மூலம் வேண்டும். அந்த மூலம் இன்று பழுதுபார்ப்பு மேசைகளில், பற்றாசின் புகைக்கு நடுவே, குறிப்பெழுதும் பொறுமை உள்ளவர்களை நம்பிக் கிடக்கிறது.