துப்பாக்கி வாயிற் பொருத்துங் கருவி

வையை வடகரையிலுள்ள நம் செல்லூருக்கு அணித்தே புறப்படும் நத்தம் சாலையில் நாடோறும் பலர் சென்று மீள்கின்றோம். அவ்வழியிலுள்ள கணவாயில் 1755-ஆம் வருஷம் மே மாதத்தில் நிகழ்ந்த சண்டை, துப்பாக்கி வாயில் எதனைப் பொருத்துவது என்னும் வினாவிற்கு நல்லதோர் பாடமாதலின், அதனை நம் சங்கத்து அன்பர்க்கு எடுத்துரைக்க விரும்புகின்றேன்.

துப்பாக்கி வாயில் முற்காலத்தே சேர்ந்த கருவி சனியன் என்னும் குத்துவாள். ஆதியில் அதன் பிடியைக் குழலினுள்ளேயே செருகினர். செருகியபின் சுட இயலாது. 1689-இல் ஸ்காட்லாந்தின் கில்லிகிராங்கியில் அரசாங்கப் படையினர் சுட்டுவிட்டுச் சனியனைச் செருகுமுன்னரே மலைநாட்டார் பாய்ந்து வெட்டி வீழ்த்தினர். அதன்பின், குழலின் புறத்தே மாட்டி, மாட்டியபடியே சுடத்தக்க சனியன் எங்கும் பரவிற்று.

அத்தகைய படைக்கலத்தோடுதான் கும்பினியாரின் கர்னல் ஹெரான் திருநெல்வேலிச் சீமையினின்றும் மீண்டார். திருநெல்வேலிக்குச் செல்லுமுன்னரே கோயில்குடி ஆலயத்து விக்கிரகங்களை அவர் கவர்ந்திருந்தார். அவ்வூர் திருமோகூரே என்பர் ஆராய்ச்சியாளர். நத்தம் கணவாயிற் பாரவண்டி யொன்று சேற்றிற் சிக்க, படை இரண்டாய்ப் பிரிந்தது. கள்ளர் நாட்டு வீரர் காட்டினின்றும் பாய்ந்து, தம் தெய்வத்தை மீட்டுச் சென்றனர். அவர்தம் ஈட்டி ஏறக்குறைய 18 அடி என்பது ஆர்ம் என்னும் சரித்திரக்காரர் கூற்று. சனியனோடு கூடிய துப்பாக்கியோ ஏறக்குறைய 6½ அடியே. வெளியில் அணிவகுத்து நிற்போர்க்கு உதவிய சனியன், நெருங்கிய காட்டு வழியில் உதவவில்லை. ஹெரான் பின்னர்ச் சென்னையில் இராணுவ விசாரணைக்குட்பட்டு உத்தியோகமிழந்தார்.

இப்பாடம் பிற்காலத்தும் மாறவில்லை. 1944-இல் வனப்போருக்கென ஆங்கிலேயர் குறுந்துப்பாக்கி யொன்றைச் செய்தனர். குழல் குறுகவே வாயிலெழும் தீச்சுடர் பெருகிற்று. இருளில் அச்சுடர் சுடுவோன் கண்ணையே கூசச்செய்யும். அவனிருக்குமிடத்தையும் பகைவர்க்குக் காட்டும். ஆகவே புனல்போன்ற சுடர்மறைப்பான் ஒன்றை அதன் வாயிற் பொருத்தினர். சோவியத் நாட்டார் 1959-இல் ஏற்ற ஏகேஎம் துப்பாக்கியின் வாயிற் சாய்வாய் வெட்டிய சிறு குழாயுண்டு. அது வெளிப்படும் வாயுவைத் திருப்பி, வாய் மேலெழாவண்ணம் தடுக்கும். வாயுவைப் பக்கங்களிற் செலுத்தி உதைப்பைத் தணிக்குங் கருவியும் உண்டு. ஆயின் அதனால் அருகிலிருப்போர் செவிக்கு ஓசையும் அதிர்ச்சியும் மிகும்.

எனவே, எல்லாக் குணமும் ஒருங்கே பொருந்திய கருவி என்பதில்லை. ஒன்று தணிய மற்றொன்று மிகும். சுடரை மறைக்க வேண்டுமா, உதைப்பைக் குறைக்க வேண்டுமா, வாய் எழாமை வேண்டுமா என்பதனை முதலிலே துணிதல் வேண்டும். நிற்குமிடத்தையும் பக்கத்தே நிற்பவரையும் எண்ணுதல் வேண்டும். படையிற் சேரும் நம் குலத்து இளைஞர், புதியதென்றும் பிறர் புகழ்ந்ததென்றும் மயங்காது, நத்தம் கணவாயை நினைவிற்கொள்வாராக.