தொடக்கப்பள்ளிகளில் மனவெழுச்சிக் கல்வி

தொடக்கப்பள்ளிகளில் மனவெழுச்சிக் கல்வி என்பது ஏறத்தாழ 5 முதல் 11 வயது வரையிலான மாணவர்கள் தமது உணர்வுகளை இனங்காணவும், அவற்றுக்குப் பெயரிடவும், பிறருக்குத் தீங்கின்றி வெளிப்படுத்தவும், மற்றவர் உணர்வை விளங்கிக்கொள்ளவும், தேவையானபோது உதவி கேட்கவும் பயிற்றுவிக்கும் கல்விமுறை ஆகும். உலகின் பல நாடுகளில் இது சமூக மனவெழுச்சிக் கற்றல் என்ற பெயரில் அறியப்படுகிறது. உலக சுகாதார அமைப்பு 1990களில் முன்வைத்த வாழ்க்கைத்திறன் கல்வியுடனும் இது நெருங்கிய தொடர்புடையது.

இது மனநோய்க்கான சிகிச்சை அன்று. வகுப்பிலுள்ள எல்லா மாணவருக்கும் பொதுவாகக் கற்பிக்கப்படும் பாடமாகும். நன்னெறிக் கல்வியிலிருந்தும் இது ஓரளவு வேறுபடுகிறது. நன்னெறிக் கல்வி பெரும்பாலும் "சினம் கொள்ளாதே" என அறிவுறுத்தும். மனவெழுச்சிக் கல்வியோ, சினம் வருவது குற்றமன்று என்றும், சினத்தால் அடிப்பதும் பொருட்களை உடைப்பதும் ஏற்கத்தக்கன அல்ல என்றும் பிரித்துக் காட்டும். எல்லா உணர்வுகளுக்கும் இடமுண்டு, எல்லாச் செயல்களுக்கும் இடமில்லை என்பதே இதன் அடிப்படை ஆகும்.

தேவை

மனநலக் கோளாறுகளுள் கணிசமானவை இளவயதிலேயே தொடங்குகின்றன. பல ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியான ஒரு பகுப்பாய்வின்படி, மனநலக் கோளாறுடையோரில் 34.6 விழுக்காட்டினருக்கு 14 வயதுக்கு முன்பும், 48.4 விழுக்காட்டினருக்கு 18 வயதுக்கு முன்பும் அது தொடங்கியிருந்தது. எனவே, இடர் தோன்றும் வயதுக்கு முன்பே உணர்வுகளைப் பற்றிப் பேசும் மொழியைக் குழந்தைகளுக்கு அளிப்பது பயனுடையது என்று இக்கல்வியை ஆதரிப்போர் கருதுகின்றனர்.

சிறு குழந்தைகள் மனத் துன்பத்தைப் பெரும்பாலும் உடல் துன்பமாகவே வெளிப்படுத்துவர். பள்ளி செல்லும் நேரத்தில் மட்டும் வரும் வயிற்றுவலி, தேர்வு நாளில் வரும் தலைவலி ஆகியவை இதற்கு எடுத்துக்காட்டுகள் ஆகும். இவ்வலிகள் பொய்யானவை அல்ல. அச்சம் உடலில் உண்மையாகவே மாற்றங்களை ஏற்படுத்துகிறது. "வயிற்றைக் கலக்குகிறது" என்னும் தமிழ் வழக்கு அச்சத்தைக் குறிப்பது இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. உடல் நோய் இல்லை என உறுதிசெய்த பின்னர், அக்குழந்தை எதற்கு அஞ்சுகிறது என்பதை அறிய வேண்டியுள்ளது. அதைச் சொல்வதற்குக் குழந்தைக்குச் சொற்கள் தேவை.

வயதும் உணர்வறிவும்

உணர்வுகளைப் பற்றிய குழந்தைகளின் அறிவு படிப்படியாக வளர்கிறது. போன்சு, ஆரிசு, டி ரோசுனே ஆகிய ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வில் இவ்வளர்ச்சியை மூன்று கட்டங்களாகப் பிரித்தனர்.

* ஏறத்தாழ 5 வயது: முகக்குறிப்பைக் கொண்டு உணர்வை அறிதல். பரிசு கிடைத்தால் மகிழ்ச்சி, பொருள் தொலைந்தால் வருத்தம் என வெளிக்காரணங்களை உணர்தல்.
* ஏறத்தாழ 7 வயது: ஒரே நிகழ்வு இருவருக்கு இருவேறு உணர்வைத் தரலாம் என்பதையும், உள்ளே ஓர் உணர்வும் முகத்தில் வேறோர் உணர்வும் இருக்கலாம் என்பதையும் விளங்கிக்கொள்ளுதல்.
* ஏறத்தாழ 9 வயதும் அதற்கு மேலும்: ஒரே நேரத்தில் இரு உணர்வுகள் தோன்றலாம் என்பதையும், எண்ணத்தை மாற்றுவதன் மூலம் உணர்வை மாற்றலாம் என்பதையும் அறிதல்.

இக்காரணத்தால் எல்லா வகுப்புகளுக்கும் ஒரே பாடம் பொருந்தாது. முதல் வகுப்பு மாணவரிடம் "வேறுவிதமாக எண்ணிப் பார்" என்று கூறுவதால் பெரும்பயன் விளையாது. அவ்வயதில் மூச்சை மெதுவாக விடுதல், இடம் மாறி அமர்தல், பெரியவரிடம் சொல்லுதல் போன்ற செயல்வழிகளே உதவும். ஐந்தாம் வகுப்பு மாணவரோ, தம்பி பிறந்ததில் மகிழ்ச்சியும் பொறாமையும் ஒருங்கே தோன்றுவதைப் பற்றி உரையாட வல்லவர்.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்திலுள்ள நியூ ஏவன் நகரில், யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் சேம்சு கோமர் 1968இல் இரு தொடக்கப்பள்ளிகளில் தொடங்கிய திட்டம் இத்துறையின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. வறுமைமிக்க பகுதிகளில் இருந்த அப்பள்ளிகளில் மாணவரின் கல்வித் தேர்ச்சி தாழ்ந்திருந்தது. மாணவரைக் குறை கூறுவதை விடுத்து, ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் இடையிலான உறவைச் சீர்செய்வதிலிருந்து கோமரின் திட்டம் தொடங்கியது.

1980களில் மார்க் கிரீன்பர்க், கரோல் குசே ஆகியோர் உருவாக்கிய "பாத்சு" என்னும் பாடத்திட்டம் தொடக்கத்தில் காது கேளாத குழந்தைகளுக்காக அமைந்தது. உணர்வுகளைக் குறிக்கும் சொற்கள் போதாமையால் அக்குழந்தைகள் எதிர்கொண்ட இடர்ப்பாடு மற்றக் குழந்தைகளுக்கும் உண்டு என்பது உணரப்பட்டபின் அது பொதுப் பள்ளிகளுக்கும் விரிந்தது. 1990இல் பீட்டர் சலோவே, சான் மேயர் ஆகியோர் மனவெழுச்சி நுண்ணறிவு என்ற கருத்தாக்கத்தை ஆய்வுலகில் முன்வைத்தனர். 1994இல் சமூக மனவெழுச்சிக் கற்றலுக்கான கூட்டமைப்பு அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. 1995இல் வெளியான டேனியல் கோல்மனின் நூல் இக்கருத்தைப் பொதுமக்களிடம் கொண்டுசென்றது.

கற்பிக்கப்படும் கூறுகள்

மேற்கூறிய கூட்டமைப்பு ஐந்து திறன்களை வரையறுத்துள்ளது.

1. தன்னை அறிதல்
2. தன்னை நெறிப்படுத்துதல்
3. பிறரை உணர்தல்
4. உறவுகளைப் பேணுதல்
5. பொறுப்புடன் முடிவெடுத்தல்

இவற்றுள் முதலாவது மற்றவற்றுக்கு அடிப்படையானது. உணர்வுக்குப் பெயரிடுவது அதன் கடுமையைத் தணிக்க உதவும் எனச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், முகங்களில் காணும் உணர்வுகளுக்குச் சொல்லால் பெயரிட்டபோது, அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா என்னும் மூளைப்பகுதியின் செயற்பாடு குறைந்தது. அவ்வாய்வு வளர்ந்தோரிடம் செய்யப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது.

வகுப்பறை முறைகள்

* உணர்வு அட்டை: காலையில் மாணவர்கள் தம் பெயர்ச்சீட்டை மகிழ்ச்சி, வருத்தம், சினம், அச்சம் போன்ற முகப்படங்களுள் ஒன்றின் கீழ் வைப்பர். காரணத்தைச் சொல்லுமாறு எவரும் வற்புறுத்தப்படுவதில்லை.
* வட்ட நேரம்: அனைவரும் வட்டமாக அமர்ந்து ஒருவர்பின் ஒருவராகப் பேசுவர். பேச விரும்பாதவர் தம் முறையை விட்டுவிடலாம்.
* நிறவரிசை: லியா கைப்பர்சு 2011இல் வெளியிட்ட முறையில் சோர்வு நீலமாகவும், அமைதி பச்சையாகவும், பதற்றம் மஞ்சளாகவும், கட்டுமீறிய நிலை சிவப்பாகவும் குறிக்கப்படுகின்றன. எந்த நிறமும் "கெட்ட" நிறம் அன்று.
* கைக்குழந்தை வருகை: மேரி கோர்டன் 1996இல் கனடாவின் டொராண்டோ நகரில் தொடங்கிய திட்டத்தில், ஒரு கைக்குழந்தை பெற்றோருடன் ஆண்டு முழுவதும் குறித்த இடைவெளிகளில் வகுப்புக்கு வருகிறது. பேச இயலாத அக்குழந்தை என்ன உணர்கிறது என்பதை மாணவர்கள் உற்றுநோக்கிக் கூறுவர்.
* ஆமை முறை: சினம் மிகும்போது மாணவர் ஆமை ஓட்டுக்குள் ஒடுங்குவதுபோலக் கைகளை மார்போடு மடக்கி, மூச்சை ஆழமாக இழுத்துவிட்டு, பின்னர்த் தமக்கு என்ன நேர்ந்தது, எவ்வாறு உணர்கிறார் என்பதைச் சொல்வர்.

ஐம்பொறிகளை அடக்குவதற்கு ஆமையை உவமையாக்கும் திருக்குறள் (குறள் 126) தமிழ் மாணவர்க்கு அறிமுகமானதே. ஆயினும் ஆமை முறையின் நோக்கம் ஒடுங்கியே இருப்பதன்று. சற்று நின்று, மீண்டும் வெளியே வந்து பேசுவதே அதன் முடிவான படியாகும்.

தமிழில் உணர்வுச் சொற்கள்

இப்பாடத்திட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் தோன்றியவை. அவற்றின் சொற்பட்டியலை அப்படியே மொழிபெயர்ப்பதைவிட, குழந்தையின் வீட்டுமொழியிலுள்ள சொற்களிலிருந்து தொடங்குவது இயல்பானது. கோபம், எரிச்சல், ஆத்திரம் ஆகியவை ஒரே உணர்வின் வெவ்வேறு அளவுகளைக் காட்டுகின்றன. பயமும் கூச்சமும் வெளித்தோற்றத்தில் ஒத்திருப்பினும் வேறானவை. ஏக்கம் என்ற சொல் வருத்தத்தையும் விருப்பத்தையும் ஒருங்கே சுட்டுகிறது. "கோபமாக இருக்கிறேன்" எனக் கூறும் மாணவர் உண்மையில் அவமானமோ ஏமாற்றமோ அடைந்திருக்கலாம். இவ்வேறுபாட்டைச் சொல்லக் கற்பதே பாடமாகும்.

தமிழ் மரபில் உணர்வுகளை வகைப்படுத்தும் முயற்சி பழமையானது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் நான்கு காரணங்களால் பிறக்கும் என வகுக்கிறது. மெய்யில் தோன்றுவது என்னும் பொருள்பட மெய்ப்பாடு என்ற சொல் அமைந்திருப்பது, உணர்வை உடற்குறியின் வழியே அறியச் செய்யும் இன்றைய வகுப்பறை முறையுடன் ஒப்பிடத்தக்கது. எனினும் மெய்ப்பாட்டியல் இலக்கியக் கோட்பாடே அன்றிக் குழந்தைக் கல்விக்கான நூலன்று. தொடக்க வகுப்புகளில் பயிலும் ஆத்திசூடியின் இரண்டாம் அடியும் சினத்தைப் பற்றியதே. "ஆண்பிள்ளை அழக்கூடாது" போன்ற வீட்டு வழக்குகளோ, சில உணர்வுகளை மறைக்கக் குழந்தைகளைப் பழக்குகின்றன.

நாடுகள்

இங்கிலாந்தில் தொடக்கப்பள்ளிகளுக்கான சமூக மனவெழுச்சித் திட்டம் 2005இல் நாடளவில் அறிமுகமானது. 2020 செப்டம்பர் முதல் அரசு நிதிபெறும் பள்ளிகளில் மனநலத்தை உள்ளடக்கிய நலக்கல்வி சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது.

இந்தியாவில் தில்லி அரசு 2018 சூலையில் தன் பள்ளிகளில் மழலையர் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை "மகிழ்ச்சிப் பாடத்திட்டம்" என்ற வகுப்பைத் தொடங்கியது. தலாய் லாமா இதனைத் தொடங்கிவைத்தார். கவனப்பயிற்சி, கதை, செயல்பாடு ஆகியவற்றைக் கொண்ட அவ்வகுப்புக்குத் தேர்வு வைக்கப்படவில்லை. நடுவண் அரசு 2020இல் மாணவர் மனநலத்துக்கான "மனோதர்ப்பன்" திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு முன்பே, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் மாணவருக்கு உடல் தண்டனை அளிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடைசெய்தது. பிரம்புக்கு அஞ்சும் வகுப்பில் உணர்வுகளை வெளிப்படையாகப் பேச இயலாது என்பதால், இத்தடை மனவெழுச்சிக் கல்விக்கு முன்தேவை எனலாம்.

ஆய்வு முடிவுகள்

2011இல் சோசப் டர்லாக்கும் பிறரும் வெளியிட்ட பகுப்பாய்வு 213 திட்டங்களையும் 2,70,034 மாணவர்களையும் உள்ளடக்கியது. பயிற்சி பெற்ற மாணவரின் சமூகத் திறன்களும் நடத்தையும் மேம்பட்டதோடு, கல்வித் தேர்ச்சி 11 நூற்றுமான அளவு உயர்ந்ததாக அது கூறியது. படிவரிசையும் செயல்வழிக் கற்றலும் தெளிவான நோக்கமும் கொண்ட திட்டங்களே கூடுதல் பயன் தந்தன. 53 நாடுகளின் 424 ஆய்வுகளைத் தொகுத்த 2023ஆம் ஆண்டுப் பகுப்பாய்வும் பொதுவாகச் சாதகமான முடிவையே தந்தது.

எல்லா ஆய்வுகளும் இவ்வாறு அமையவில்லை. இங்கிலாந்தின் மான்செசுடர் பகுதியில் 45 தொடக்கப்பள்ளிகளில் பாத்சு திட்டத்தைச் சோதித்தபோது மிகச் சிறிய பயனே காணப்பட்டது. பிரித்தானியாவில் சற்று மூத்த மாணவர்களிடம் நடந்து 2022இல் வெளியான பெரிய ஆய்வில், கவனப்பயிற்சி வகுப்புகள் வழக்கமான பாடங்களைவிடக் கூடுதல் பயன் தரவில்லை.

இலங்கையின் வடபகுதியில் போரால் பாதிக்கப்பட்ட 399 சிறுவரிடம் நடந்து 2012இல் வெளியான ஆய்வு குறிப்பிடத்தக்கது. பள்ளியில் 15 அமர்வுகளாக நடந்த குழுச் செயல்பாடுகளால் சிறுவரின் நடத்தைச் சிக்கல்கள் குறைந்தன. ஆனால் போர்சார் நெருக்கடிகளை அப்போது குறைவாக எதிர்கொண்ட சிறுவருக்கே மனவடு, பதற்றம் ஆகியவற்றில் கூடுதல் பயன் கிடைத்தது. பயிற்சி பெற்ற சிறுமியரிடம் மனவடு அறிகுறிகள் குறைந்த அளவு, பயிற்சிக்குக் காத்திருந்த சிறுமியரைவிடக் குறைவாக இருந்தது. குழந்தையைச் சூழ்ந்த இடர் நீங்காதபோது வகுப்பறைப் பாடத்தின் ஆற்றலுக்கு எல்லை உண்டு என்பதையும், நன்னோக்கம் மட்டுமே நற்பயனுக்கு உறுதியாகாது என்பதையும் இது காட்டுகிறது.

விமர்சனங்கள்

* வறுமை, வன்முறை, தேர்வுச் சுமை ஆகியவற்றால் விளையும் துன்பத்தைக் குழந்தையின் "திறன் குறைவாக" இது காட்டக்கூடும்.
* இயல்பான வருத்தத்தையும் நோயெனக் குழந்தைகள் எண்ணத் தலைப்படலாம்.
* அமைதியாக இருப்பதையே நல்ல உணர்வாகக் கொண்டு, கீழ்ப்படியச் செய்யும் கருவியாக ஆசிரியர்கள் இதனைப் பயன்படுத்தக்கூடும்.
* உணர்வுகளை மதிப்பெண்ணால் அளப்பது இக்கல்வியின் நோக்கத்துக்கு முரணானது.

ஆசிரியரின் பங்கு

குழந்தைகள் பாடநூலைவிட ஆசிரியரின் நடத்தையிலிருந்தே மிகுதியாகக் கற்கின்றனர். "இன்று நான் களைப்பாக உள்ளேன், அதனால் குரலை உயர்த்திவிட்டேன்" எனக் கூறும் ஆசிரியர், உணர்வுக்குப் பெயரிடுதலையும் பொறுப்பேற்றலையும் ஒருசேரக் கற்பிக்கிறார். அழும் மாணவரிடம் "ஒன்றுமில்லை, அழாதே" என்பதைவிட, "பொம்மை உடைந்ததால் வருத்தமா?" எனக் கேட்பது மேலானது.

இவ்வகுப்புகளில் சில குழந்தைகள் வீட்டில் அல்லது வெளியில் தமக்கு நேரும் கொடுமையைக் கூறக்கூடும். அப்போது ஆசிரியர் அமைதியாகக் கேட்டு, சொன்னது சரியே என உறுதியளிக்க வேண்டும். எவரிடமும் சொல்வதில்லை என்று வாக்களித்தல் கூடாது. இந்தியாவில் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, சிறார் மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயமாகும். சிறாருக்கான உதவித் தொலைபேசி எண் இந்தியாவில் 1098, இலங்கையில் 1929 ஆகும். சோர்வோ அச்சமோ வாரக்கணக்கில் நீடித்து, உணவு, உறக்கம், படிப்பு, விளையாட்டு ஆகியவற்றைப் பாதித்தால் மருத்துவரையோ உளவியலாளரையோ நாட வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* வாழ்க்கைத்திறன் கல்வி
* மனவெழுச்சி நுண்ணறிவு
* மெய்ப்பாட்டியல்
* குழந்தை உளவியல்
* குழந்தை உரிமைகள்