ஏடிவி வாங்குவதற்கு முன்: எந்த ரகம் யாருக்குப் பொருந்தும்?

கெமென்சா, கோப்பெங், லங்காவி போன்ற இடங்களில் ஏடிவி எனப்படும் நாற்சக்கர மோட்டாரை வாடகைக்கு ஓட்டிப் பார்த்தவர்களில் சிலர், சொந்தமாக ஒன்று வாங்கினால் என்ன என்று நினைக்கத் தொடங்குகின்றனர். கடைக்குப் போனதும் "எத்தனை சிசி?" என்றுதான் முதலில் கேட்கத் தோன்றும். ஆனால், யார் ஓட்டப் போகிறார், எங்கே ஓட்டப் போகிறார் என்ற இரண்டுக்கும் விடை தெரிந்த பிறகே சிசியைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எங்கே ஓட்டலாம்?

சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவு செய்யப்படாத, சாலை வரியும் காப்புறுதியும் இல்லாத வாகனத்தைப் பொதுச் சாலையில் ஓட்டுவது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்படி குற்றம். வீட்டிலிருந்து தோட்டத்துக்கு "சும்மா இரண்டு நிமிடம்" தார்ச்சாலையில் போவதற்கும் இது பொருந்தும். எனவே வண்டியை லோரியிலோ டிரெய்லரிலோ ஏற்றிச் செல்லும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

செம்பனைத் தோட்டத்துப் பாதை தனியார் நிலம். அங்கே நிர்வாகத்தின் அனுமதி தேவை. நிரந்தர வனக் காப்பகத்திற்குள் நுழைய வன இலாகாவின் அனுமதி தேவை. ஓட்ட இடமே இல்லாதவருக்கு வாடகை வண்டியே சிக்கனம்.

சட்டம் ஒரு புறம் இருக்க, இந்த வண்டி தார்ச்சாலைக்கு ஏற்றதும் அல்ல. பல ரகங்களில் பின் சக்கரங்கள் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுழலும். மண்ணில் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் வழுக்கிக் கொடுத்து உதவும். தாரில் அப்படி வழுக்காது. வண்டி நேராக இழுக்கும் அல்லது கவிழப் பார்க்கும். காற்று குறைவாக அடைக்கப்படும் டயர்களும் மண்ணுக்காகவே செய்யப்பட்டவை.

மூன்று ரகங்கள்

விளையாட்டு ரகம்: யமஹா ராப்டர் 700 போன்றவை. எடை குறைவு, வேகம் அதிகம். பின் சக்கரங்களுக்கு மட்டுமே விசை போகும். அனுபவம் உள்ளவர்களுக்கு, திறந்த வெளியில் ஓட்ட ஏற்றது.

பயன்பாட்டு ரகம்: ஹோண்டா டிஆர்எக்ஸ்420 போன்றவை. முன்னும் பின்னும் சாமான் தட்டு இருக்கும். நான்கு சக்கர இழுவை உள்ள மாடல்களும் உண்டு. மெதுவாக, நிதானமாகப் போகும். தோட்டப் பாதைக்கும் பொழுதுபோக்குக்கும் பெரும்பாலோருக்கு இதுவே பொருந்தும். ஆனால் 400 சிசி ரகம் பொதுவாக 250 கிலோவைத் தாண்டும். அது மேலே கவிழ்ந்தால் ஒருவரால் தூக்க முடியாது.

இளையோர் ரகம்: சிறிய இயந்திரம், வேகக் கட்டுப்பாட்டுத் திருகு, பெரியவர் கையில் பிடித்து இழுத்தால் இயந்திரம் நின்றுவிடும் கயிறு ஆகியவை இருக்கும்.

பிள்ளைகள் விஷயத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது

வண்டியில் ஒட்டப்பட்டிருக்கும் வயது எச்சரிக்கையைப் படியுங்கள். யமஹாவின் 50 சிசி வண்டி 6 வயதுக்கு மேற்பட்டோருக்கு, ராப்டர் 90 என்பது 10 வயதுக்கு மேற்பட்டோருக்கு. பெரியவர்களுக்கான வண்டி 16 வயதுக்கு மேற்பட்டோருக்குத்தான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமோ 16 வயதுக்குக் கீழ்ப்பட்டோர் எந்த ஏடிவியையும் ஓட்டவே வேண்டாம் என்கிறது.

"வளர்ந்த பிறகும் ஓட்டட்டும்" என்று பெரிய வண்டியாக வாங்கித் தருவதும், ஒருவருக்கான இருக்கையில் பிள்ளையைப் பின்னால் ஏற்றுவதும் ஆபத்து. ஏடிவியை ஓட்டுபவர் திருப்பங்களிலும் மேட்டிலும் உடலைச் சாய்த்துத்தான் சமநிலை பிடிக்கிறார். பின்னால் ஒருவர் இருந்தால் அது முடியாது. குடும்பத்தோடு போக விரும்புவோர், பாதுகாப்புக் கூண்டும் இருக்கைப் பட்டையும் கொண்ட, பக்கத்தில் பக்கத்தில் அமரும் வகை வண்டியைப் பார்க்கலாம்.

உடம்புக்குப் பொருந்துகிறதா?

கடையிலேயே ஏறி உட்கார்ந்து பாருங்கள். கால்மிதியில் எழுந்து நின்றால் இருக்கைக்கும் உடலுக்கும் இடையே குறைந்தது 8 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். கைப்பிடியை முழுவதுமாக ஒரு பக்கம் திருப்பினாலும் கட்டைவிரலுக்கு விசையும், விரல்களுக்கு பிரேக்கும் எட்ட வேண்டும். எட்டவில்லையென்றால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அது உங்கள் வண்டி அல்ல.

நம் மண்ணுக்கு எது தாங்கும்?

மழை, செம்மண் சேறு, செம்பனை மட்டை முள் ஆகிய மூன்றும்தான் இங்கே சோதனை. சங்கிலி ரகத்தை ஒவ்வொரு முறை ஓட்டிய பிறகும் கழுவி எண்ணெய் விட வேண்டும். தண்டு வழியாக விசை செல்லும் ரகத்திற்கு அந்த வேலை இல்லை. பெல்ட் கியர் ரகம் ஓட்ட எளிது; ஆனால் ஆழமான நீரில் இறங்கி பெல்ட் நனைந்தால் வழுக்கும். முள்ளுக்கு 6 ப்ளை டயர் நல்லது. ரேடியேட்டர் உள்ள வண்டியில் சேறு அடைத்தால் இயந்திரம் சூடேறும். எந்த நிறுவனத்தின் வண்டியானாலும் உதிரிபாகம் அருகில் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள்.

பழைய வண்டி வாங்கும்போது

• எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் இயந்திரத்தில் நீர் புகுந்திருக்கிறது.
• முன் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் தேய்மானம் உண்டு.
• சட்டகத்தில் புதிய பற்றவைப்பு, புதிய சாயம் இருந்தால் காரணம் கேளுங்கள்.
• இயந்திரம் ஆறியிருக்கும்போது நீங்களே கிளப்புங்கள்.
• சட்டக எண்ணையும் இறக்குமதி ஆவணத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வண்டி விலையோடு முடியாது

சிரிம் முத்திரையுள்ள தலைக்கவசம், கண்ணாடி, கையுறை, கணுக்காலுக்கு மேல் வரும் காலணி ஆகியவற்றுக்கும் பணம் ஒதுக்குங்கள். ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபர் முதல், விற்கப்படும் புதிய பயன்பாட்டு ரக வண்டிகளில், கவிழ்ந்தால் ஓட்டுநரை நசுங்காமல் காக்கும் அமைப்பு கட்டாயம். கவிழ்வதுதான் இந்த வண்டியின் பெரிய ஆபத்து என்பதற்கு இதுவே சான்று.

இன்னொன்று: சேற்று நீரில் எலிச் சிறுநீரால் பரவும் கிருமி இருக்கலாம். காலில் புண் இருந்தால் அன்று ஓட்ட வேண்டாம். ஓட்டிய சில நாள்களில் காய்ச்சலும் தசை வலியும் வந்தால், சேற்றில் இறங்கியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

முடிவெடுக்கும் முன், வாங்க நினைக்கும் அதே ரகத்தை ஒரு நாளாவது வாடகைக்கு எடுத்து, மழை பெய்த மறுநாள் ஓட்டிப் பார்ப்பது நல்லது. அன்று கையும் இடுப்பும் தாங்கினால் பிறகு விலை பேசலாம்.