மீனுக்கு வீடு, வலைக்கு வில்லங்கம்: மூழ்கிய கப்பலைச் சுற்றி கடலடியில் என்ன நடக்கிறது?

ஏலத்தோட்ட மலைகளின் அடிவாரத்தில், போடிநாயக்கனூர் பக்கம் இருக்கும் ஊர் ராசிங்காபுரம். இங்கிருந்து கடல் கண்ணுக்கு எட்டாது. ஆனால், போடி வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 85-ஐப் பிடித்தால் மேற்கே மலை ஏறி இறங்கி கொச்சிக்குப் போகலாம், கிழக்கே மதுரையைத் தாண்டி தொண்டிக்குப் போகலாம். சாலையின் இரண்டு முனையிலும் கடல்தான்.

அந்தக் கொச்சிக் கடலில்தான் 2025 மே 25-ம் தேதி 'எம்எஸ்சி எல்ஸா 3' என்ற சரக்குக் கப்பல் 640 கண்டெய்னர்களோடு மூழ்கியது. கப்பல் மூழ்கினால் மீனவர்களுக்கு நஷ்டம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால், மூழ்கிய கப்பலைத் தேடிப்போய் மீன் பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு நாள் வாடகைக்குப் படகு எடுத்துக்கொண்டு, கடலடியில் கிடக்கும் பழைய கப்பலுக்கு மேலே போய் தூண்டில் போடுவது பிரபலமான பொழுதுபோக்கு. 'ரெக் ஃபிஷிங்' என்பது அதன் பெயர்.

ஒரே கப்பல் ஒருவருக்கு வரமாகவும் இன்னொருவருக்கு வில்லங்கமாகவும் எப்படி ஆகிறது?

மூழ்கிய கப்பலில் மீன் ஏன் கூடுகிறது?

கடலடியின் பெரும்பகுதி மணலும் சேறும்தான். ஒளிய இடம் கிடையாது. அங்கே ஒரு கப்பல் விழுந்தால், பொட்டல் காட்டில் திடீரென ஒரு பெரிய ஆலமரம் முளைத்த மாதிரி. முதலில் இரும்புத் தகட்டின் மேல் பாசி படியும். அப்புறம் கொட்டலசு, சிப்பி, கடற்பஞ்சு, பவளம் என ஒவ்வொன்றாக ஒட்டி வளரும். அவற்றைத் தின்ன நண்டும் இறாலும் சின்ன மீன்களும் வரும். சின்ன மீனைத் தேடி பெரிய மீன் வரும்.

இன்னொரு காரணம் நீரோட்டம். ஓடிவரும் தண்ணீர் கப்பலின் உடம்பில் மோதி மேலே எழும்பும். அதோடு மீன் தின்னும் நுண்ணுயிர்களும் மேலே வரும். கப்பலுக்குப் பின்பக்கம் நீரோட்டத்தின் வேகம் குறைந்திருக்கும். மீன்கள் அங்கே அலுங்காமல் நின்றுகொண்டு வருகிற இரையைப் பிடிக்கலாம்.

நம் கடலில் இப்படிப்பட்ட இடங்களில் களவாய், செப்பிலி, விளமீன், பாறை மீன், அஞ்சாளை ஆகியவை இருக்கும். மேல்மட்டத் தண்ணீரில் வஞ்சிரமும் சுற்றும். கணவாய் முட்டையிடவும் இதுபோன்ற பிடிமானம் தேவை.

நம் மீனவர்களுக்கு இது புதுசா?

இல்லவே இல்லை. கடலுக்கு அடியில் இருக்கும் பாறைத் திட்டைக் கன்னியாகுமரி, தூத்துக்குடி மீனவர்கள் 'பார்' என்பார்கள். எந்தப் பாரில் எந்தப் பருவத்தில் என்ன மீன் கிடைக்கும் என்பது தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் அறிவு. மூழ்கிய கப்பலும் அவர்கள் கணக்கில் ஒரு பார்தான். இயற்கையாகப் பார் இல்லாத இடத்தில் மரக்கிளை, தென்னை ஓலை, கல் ஆகியவற்றைக் கட்டி இறக்கி மீன் கூடும் இடத்தை உருவாக்குவதும் பழைய வழக்கம்.

ஜிபிஎஸ் வருவதற்கு முன்பு நடுக்கடலில் ஒரு பாரின் மேல் எப்படிச் சரியாகப் போய் நின்றார்கள்? கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு தேவாலயக் கோபுரத்துக்கு நேர் பின்னால் ஒரு மலை உச்சி வந்தால் அது ஒரு கோடு. வேறு திசையில் இன்னொரு ஜோடி அடையாளம் சேர்ந்தால் அது இரண்டாவது கோடு. இரண்டு கோடும் வெட்டும் இடத்தில்தான் பார். தென்கேரளக் கடற்கரையில் இதைக் 'கணிச்சம்' என்பார்கள். ராசிங்காபுரத்தில் நின்றால் தெரிகிற அதே மேற்குத் தொடர்ச்சி மலைதான், தெற்கே போனால் கடலில் இருப்பவர்களுக்கு வழிகாட்டிக் கல்லாக நிற்கிறது.

ஒரு நாள் தூண்டில் வேலை எப்படி நடக்கும்?

கரையில் இருந்து பார்க்கும்போது சுலபமாகத் தெரியும். உண்மையில் இதில் பாதி வேலை கப்பலைக் கண்டுபிடிப்பதுதான்.

முதலில் நாள் பார்க்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓதமும் நீரோட்டமும் வேகமாக இருக்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் அது தணியும். நீரோட்டம் வேகமாக இருந்தால் ஈயக்குண்டு நேராக அடியைத் தொடாது, தூண்டில் கப்பலைத் தாண்டிப் போய்விடும். அதனால்தான் இங்கிலாந்திலும் ஓதம் தணிந்த நாட்களாகப் பார்த்துப் படகு எடுக்கிறார்கள்.

இடத்தை நெருங்கியதும் எக்கோ சவுண்டர் திரையைப் பார்ப்பார்கள். அடிமட்டம் தட்டையான கோடாக வந்துகொண்டே இருக்கும். திடீரென ஒரு மேடு எழும்பினால், கீழே கப்பல். அதன்மேல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால், மீன்.

அப்புறம் படகைக் கப்பலுக்கு நேர் மேலே நிறுத்த மாட்டார்கள். நீரோட்டம் வரும் பக்கமாகக் கொஞ்சம் தள்ளிப் போய் இன்ஜினைத் தணித்து, படகைத் தானாக ஒழுக விடுவார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் தூண்டிலை இறக்குவார்கள். குண்டு தரையைத் தொட்டதும் உடனே சில அடி மேலே தூக்க வேண்டும். தூக்கத் தாமதித்தால் முள் இரும்பில் மாட்டிக்கொள்ளும்.

மீன் கடித்தாலும் பாதி வெற்றிதான். களவாய் கடித்த வேகத்தில் தன் பொந்துக்குள் ஓடப் பார்க்கும். அதைத் தொடக்கத்திலேயே மடக்கி மேலே இழுக்காவிட்டால், நரம்பு துருப்பிடித்த தகட்டில் உரசி அறுந்துவிடும். படகு கப்பலைத் தாண்டியதும் தூண்டிலைச் சுருட்டி, மறுபடி மேலே போய், மறுபடி ஒழுக விடுவார்கள். நாள் முழுக்க இதுதான். ஈயக்குண்டும் முள்ளும் எத்தனை கொண்டுபோனாலும் கொஞ்சம் கடலுக்குப் போகும்.

தூண்டில்காரருக்கு லாபம் என்றால், வலைக்காரருக்கு?

இங்கேதான் சிக்கல். தூண்டில் ஒரு புள்ளியில் இறங்கும் கருவி. இழுவலை தரையைத் துடைத்துக்கொண்டு போகும் கருவி. கீழே கிடக்கும் ஒரு கண்டெய்னரின் மூலையில் மாட்டினாலே பல ஆயிரம் ரூபாய் வலை கிழியும். மாட்டிய வலை இழுக்கும்போது படகே சாயும் ஆபத்தும் உண்டு.

அறுந்த வலை கப்பலிலேயே தொங்கும். நைலான் மக்காது. ஆள் இல்லாமலே அது மீனையும் நண்டையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கும். பழைய கப்பல்களுக்கு இறங்கும் முக்குளிப்பவர்களுக்கும் இந்த வலைகள் பெரிய அபாயம்.

கப்பல் அசையாமல் ஒரே இடத்தில் கிடந்தால், மீனவர்கள் அதைக் குறித்து வைத்துக்கொண்டு விலகிப் போவார்கள். சிதறிப் போன கண்டெய்னர்களை யார் குறித்து வைப்பது? எல்ஸா 3 விஷயத்தில் கேரள மீனவர்களின் புகார் இதுதான்.

எல்ஸா 3 இனி மீன் கூடும் பாராக மாறுமா?

விழிஞ்ஞத்தில் இருந்து கொச்சிக்குப் போகும் வழியில், கொச்சிக்கு சுமார் 38 கடல் மைல், அதாவது 70 கிலோமீட்டர் தொலைவில் கப்பல் சாய்ந்தது. மறுநாள் மூழ்கியது. 24 ஊழியர்களும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். கப்பல் கிடக்கும் ஆழம் சுமார் 51 மீட்டர்.

அந்த ஆழத்தில் கிடக்கும் இரும்பில் மீன் கூடத்தான் செய்யும். கேள்வி, அதோடு என்ன கிடக்கிறது என்பதுதான். கப்பலில் சுமார் 84 டன் டீசலும் 367 டன் ஃபர்னஸ் ஆயிலும் இருந்தன. 12 கண்டெய்னர்களில் கால்சியம் கார்பைடு. மாம்பழத்தைச் சட்டவிரோதமாகப் பழுக்க வைக்கப் பயன்படுத்துகிறார்களே, போடி மாம்பழ வியாபாரிகளுக்கு நன்றாகத் தெரிந்த அந்தக் 'கல்'தான் இது. தண்ணீர் பட்டால் தீப்பற்றும் அசிட்டிலின் வாயுவை வெளியிடும்.

கப்பலில் இருந்த பிளாஸ்டிக் குருணைகள் கேரளக் கரையில் மட்டும் நிற்கவில்லை. கன்னியாகுமரி, தனுஷ்கோடி வரை வந்து ஒதுங்கின. கப்பலைச் சுற்றி 20 கடல் மைலுக்கு மீன்பிடிக்கத் தடை போடப்பட்டது. கேரள அரசு இதை மாநிலப் பேரிடராக அறிவித்து, பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் மீனவக் குடும்பங்களுக்குத் தலா 1,000 ரூபாயும் 6 கிலோ அரிசியும் தந்தது. 9,531 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு உயர் நீதிமன்றத்துக்கும் போனது.

இலங்கையில் 2021-ல் இதே கதை நடந்தது. கொழும்பு அருகே தீப்பிடித்து மூழ்கிய 'எக்ஸ்பிரஸ் பேர்ல்' கப்பலில் இருந்து ஏறக்குறைய 1,680 டன் பிளாஸ்டிக் குருணை கடலில் கலந்தது. நீர்கொழும்பு பக்கத்து மீனவர்கள் தொழிலுக்குப் போக முடியாமல் கரையில் உட்கார்ந்தார்கள். 100 கோடி டாலர் இழப்பீடு தர வேண்டும் என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2025 ஜூலையில்தான்.

பழைய கப்பல்களில் இந்த ஆபத்து இல்லையா?

என்ன சரக்கு, எத்தனை வருஷம் ஆச்சு என்பதைப் பொறுத்தது. பூம்புகார் கடலில் சுமார் 20 மீட்டர் ஆழத்தில் ஒரு மரக்கப்பலின் எச்சங்களைத் தேசிய கடலியல் நிறுவனம் ஆய்வு செய்தது. கிடைத்தவற்றில் 'பிளாக்கெட்' என்ற பெயரும் 1791, 1792 என்ற ஆண்டுகளும் பொறித்த ஈயக் கட்டிகள் முக்கியமானவை. 200 வருஷத்துக்கு மேல் ஆன அந்த இடம் இன்று வரலாற்றுச் சான்று.

மட்டக்களப்புக் கடலில் கிடக்கும் 'ஹெர்மிஸ்' பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல். 1942 ஏப்ரல் 9-ம் தேதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தன. 300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 50 மீட்டருக்கும் கீழே கிடக்கும் அந்தக் கப்பலைச் சுற்றி இப்போது மீன் கூட்டம். ஆனால் அது ஒரு கல்லறையும்கூட.

கப்பலை வேண்டுமென்றே மூழ்கடிப்பதும் உண்டு. அமெரிக்கா 2006-ல் 'ஒரிஸ்கனி' என்ற பழைய விமானந்தாங்கிக் கப்பலை ஃபுளோரிடா கடலில் இறக்கியது. முன்கூட்டியே சுத்தம் செய்துதான் இறக்கினார்கள். விபத்தில் மூழ்கும் கப்பலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அந்தச் சுத்தம்தான்.

இந்தியாவில் கப்பலுக்குப் பதில் கான்கிரீட் அமைப்புகளை இறக்குகிறார்கள். தமிழகக் கடலோரத்திலும் இந்தச் செயற்கைப் பார்கள் உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2023-ல் 42 மீனவ ஊர்களுக்கு முன்னால் 6,300 அமைப்புகளை இறக்கும் வேலை தொடங்கியது. இவை மீனை வளர்க்கும், கரையோரத்தில் இழுவலையையும் தடுக்கும்.

மீன் பெருகுகிறதா, கூடுகிறதா?

விஞ்ஞானிகள் பல வருஷமாக விவாதிக்கும் கேள்வி இது. கப்பலால் புதிதாக மீன் உண்டாகிறதா, இல்லை வேறு இடத்து மீன் இங்கே வந்து சேர்கிறதா? இரண்டுமே நடக்கிறது. ஆனால் இரண்டாவதுதான் அதிகம் என்றால், கப்பல் என்பது சிதறிக் கிடந்த மீனை ஒரே இடத்தில் குவித்துக் கொடுக்கும் பொறி ஆகிவிடும்.

களவாய் மெதுவாக வளரும் மீன். பல களவாய் இனங்கள் பெண்ணாகப் பிறந்து, பெரிதான பிறகே ஆணாக மாறும். பெரிய மீனை மட்டும் குறிவைத்துப் பிடித்தால் இனப்பெருக்கமே குலையும். ஆழத்தில் இருந்து வேகமாக இழுக்கப்படும் மீனுக்குக் காற்றுப்பை ஊதிவிடும். 'சின்னது, போகட்டும்' என்று திருப்பி விட்டாலும் அது கீழே இறங்க முடியாமல் மிதந்து செத்துப்போகும். அதனால் தேவைக்குப் பிடித்ததும் நிறுத்துவதே சரியான வழி.

நண்பர்களோடு கடலுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

* மீன்பிடிப் படகு வேறு, பயணிகள் படகு வேறு. ஆட்களை ஏற்றிச் செல்ல அனுமதி பெற்ற படகுதானா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

* ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் இருக்க வேண்டும். அது பெட்டிக்குள் அல்ல, உடம்பில் இருக்க வேண்டும்.

* ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் மையம் அலை, காற்று பற்றி வெளியிடும் முன்னறிவிப்பைப் பார்க்காமல் கிளம்ப வேண்டாம்.

* தமிழகத்தின் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், கன்னியாகுமரி மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம்.

* கப்பலில் நங்கூரம் மாட்டிக்கொண்டால் இன்ஜினை முடுக்கி இழுக்கக் கூடாது. கயிற்றை அறுத்து விடுவதே பாதுகாப்பு.

* கரையில் ஒதுங்கும் பிளாஸ்டிக் குருணை, டப்பா, கண்டெய்னர் எதையும் தொட வேண்டாம். கடலில் அவசரம் என்றால் கடலோரக் காவல்படையின் இலவச எண் 1554.

அடுத்து என்ன?

ஆபத்தான முறையில் மூழ்கிக் கிடக்கும் கப்பலை அகற்றும் பொறுப்பு அதன் உரிமையாளருக்கே என்கிறது 2007-ம் ஆண்டின் நைரோபி உடன்படிக்கை. இந்தியாவும் அதில் சேர்ந்திருக்கிறது. எண்ணெயும் ரசாயனமும் சிதறிய கண்டெய்னர்களும் அகற்றப்பட்டால், எல்ஸா 3 என்றாவது ஒருநாள் மீனவர்கள் தங்கள் ஜிபிஎஸ்ஸில் குறித்து வைத்துக்கொள்ளும் இன்னொரு பாராக மாறலாம். அகற்றப்படாவிட்டால் அதைச் சுற்றி எவ்வளவு மீன் கூடினாலும் அங்கே வலை விரிக்கவும் முடியாது, அந்த மீனை நம்பி வாங்கவும் முடியாது.